ஆல்ஃபா ஸ்பைடர், ஃபியட் 124 ஸ்பைடர், ஃபியட் எக்ஸ் 1/9: பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரில் எதை வாங்குவது?

இந்த வருடம் குளிர் விட்டதிலிருந்து மூன்று நண்பர்கள் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க வேண்டும், வார இறுதிகளில் தானே சரிசெய்ய வேண்டும், கோடையில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும். எங்கெங்கோ தேடிவிட்டு மூவரும் வந்து நின்றது இந்த மூன்று கார்களில்: ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், ஃபியட் 124 ஸ்பைடர், ஃபியட் எக்ஸ் 1/9. மூன்றுமே 1960களிலும் 70களிலும் பிறந்தவை. மாதச் சம்பளக்காரரும் ஆசைப்படலாம் என்ற விலையில் அன்றைக்கு விற்றவை.

நான் இருப்பது இங்கிலாந்தில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடு. 124 ஸ்பைடர் ஒன்றை ஆறு வருடம் வைத்திருந்தேன். இப்போது வீட்டில் நிற்பது 1974ஆம் வருட ஆல்ஃபா ஸ்பைடர். எக்ஸ் 1/9 எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை, ஆனால் நண்பர் ஒருவரின் காரில் இரண்டு குளிர்காலம் கூடவே வேலை பார்த்திருக்கிறேன். கனடாவிலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். உப்பு எல்லா ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

## முதலில், எதை வைத்து அளப்பது?

கார் பார்க்கப் போகிறவர்கள் போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் கேட்கிறார்கள். நான் போனதும் தரையில் படுத்து அடிப்பக்கம் பார்ப்பேன். காரணம் எளிது. இந்த எஞ்சின்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. பிஸ்டன், பேரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. எஞ்சின் முழுக்கக் கெட்டிருந்தாலும் கழற்றி மேசையில் வைத்து, என்ன செலவாகும் என்று கணக்குப் போட முடியும். துருவுக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. ஒரு தகட்டை வெட்டினால் அடியில் இன்னொன்று உளுத்திருக்கும்.

மூன்றிலும் தனியாகச் சேஸி என்ற சட்டகம் கிடையாது, பாடியே சட்டகம். தலைக்கு மேல் நிலையான கூரையும் இல்லை. ஆகவே கார் வளையாமல் நிற்பதற்கான பலம் தரைத் தகட்டிலும், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியிலும்தான் இருக்கிறது. அதை இங்கே சில் என்பார்கள். அது போய்விட்டால் காரே போனது மாதிரி.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் 124 ஸ்பைடரை வாங்கியபோது அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். ‘துருப் பிடிக்காமல் இருக்க அடித்தது’ என்றார் விற்றவர். நானும் சந்தோஷப்பட்டேன். முதல் குளிர்காலத்தில் ஜாக் வைத்துத் தூக்கியபோது இடது பக்கச் சில் அப்பளம் போல உள்ளே போனது. சுரண்டிப் பார்த்தால் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்து, இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, அதன் மேல் பூச்சு அடித்திருந்தது. அந்த ஒரு பக்கத்து டிங்கர் வேலைக்கே எஞ்சினை முழுக்கப் புதுப்பிப்பதைவிட அதிகம் செலவழித்தேன். அதிலிருந்து ஒரு சின்னக் காந்தம் இல்லாமல் எந்தக் காரையும் பார்க்கப் போவதில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தமே போதும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கி விழும்.

அடுத்த அளவுகோல் உங்கள் கை. டேப்பெட் செட்டிங் (எஞ்சின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), பிரேக், கார்புரேட்டர் இவற்றை நீங்களே செய்வீர்களா, இல்லை ஒவ்வொன்றுக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவீர்களா? அதற்கேற்ப மூன்று கார்களின் வரிசையே மாறிவிடும். மற்றவை சின்னவை: யார் யார் ஏறப்போகிறார்கள், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் வேண்டும், மழை படாத இடம் இருக்கிறதா.

## ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்

1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. வடிவம் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனாவுடையது. முதலில் வந்தது 1570 சிசி, உருண்டை வால். டுவெட்டோ என்று எல்லாரும் அழைப்பது அதைத்தான். 70கள் தொடங்கும்போது வாலைச் செங்குத்தாக வெட்டினார்கள், அப்புறம் 2 லிட்டர் எஞ்சின் வந்தது. 80களில் கறுப்பு ரப்பர் ஸ்பாய்லர். 1990இல் மறுபடி வழுவழுப்பான உருவம். நாலு தலைமுறை, ஆனால் உள்ளே ஏறக்குறைய அதே கார்.

இதை வாங்குவதற்கான முதல் காரணம் எஞ்சின். முழுக்க அலுமினியம், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்‌ஷாஃப்ட், அவற்றைச் சுழற்றுவது செயின். பெல்ட் அறுந்துவிடுமோ என்ற பயமே கிடையாது. ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 60களின் நடுவில் இந்த விலையில் இதெல்லாம் தந்தவர்கள் மிகக் குறைவு. 3000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் வரும் அந்தச் சத்தத்துக்காக நான் சுற்று வழியில் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

பலவீனங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான், ஆகவே பார்ப்பதும் எளிது. இரண்டாம் கியரின் சின்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) சீக்கிரம் தேயும். எண்ணெய் சூடாகும் முன் இரண்டாம் கியருக்கு மாற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அதைச் சொல்லி விலை பேசலாம், காரை மறுக்க வேண்டியதில்லை. ஹெட் கேஸ்கட்டுடன் இருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் இறுகிப்போனால் எஞ்சின் ஆயில் தண்ணீரில் கலக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, காபி நிறத்தில் ஏதாவது மிதக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு திறவுங்கள்.

சொந்தமாக வேலை செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லை, வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட் என்ற கிண்ணத்துக்கு அடியில் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மாற்றவும் கேம்‌ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அளந்து, கழற்றி, மாற்றி, மறுபடி அளந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நல்லவேளை, அடிக்கடி தேவைப்படாது.

துருவில் இது மோசமான கார். சில் பகுதி உள், நடு, வெளி என்று மூன்று அடுக்கு. வெளித் தகடு பளபளவென்று இருக்கும், நடுத் தகடு தூளாகியிருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன்: கதவைத் திறந்து வைத்து, காரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கச் சொல்லுங்கள். பிறகு கதவை மூடிப் பாருங்கள். இடித்தால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தாழ்ந்த மூக்கையும் பாருங்கள். பார்க்கிங்கில் எத்தனை பேர் இடித்திருப்பார்கள், எத்தனை தடவை பட்டி பூசியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவிலிருந்து வந்த கார்களில் 80களின் தொடக்கம்வரை ஸ்பிகா என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப் இருக்கும். புரியாத பலர் அதைத் தூக்கிப்போட்டு வெபர் கார்புரேட்டர் மாட்டுவார்கள். சரியாகச் செட் செய்த ஸ்பிகா அருமையாக ஓடும் என்பது என் கருத்து. ஆனால் செட் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

## ஃபியட் 124 ஸ்பைடர்

இதுவும் 1966தான், நவம்பரில் டூரின் கண்காட்சி. பினின்ஃபரீனாவில் இதை வரைந்தவர் டாம் ஜார்டா என்ற அமெரிக்கர். எஞ்சினைச் செய்தவர் ஔரேலியோ லாம்ப்ரெடி, அதற்கு முன் ஃபெராரியில் பெரிய வி12 எஞ்சின்களைச் செய்தவர். அந்தக் கையெழுத்து இந்தச் சின்ன எஞ்சினிலும் தெரியும். முதலில் 1438 சிசி, 90 குதிரைத்திறன். கடைசியில் 1995 சிசியும் பாஷ் இன்ஜெக்‌ஷனும் வந்தன. 1985வரை செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது.

இந்தக் காரின் தாய் 124 செடான். அதே செடான்தான் ரஷ்யாவில் லாடா ஆனது. இந்தியாவில் 80களின் நடுவில் வந்த பிரீமியர் 118 என்இ நினைவிருக்கிறதா? எஞ்சின் நிஸ்ஸானுடையது, பாடி இந்த 124 வம்சம். அந்தக் காரில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, இந்த ஸ்பைடர் தூரத்து அத்தை மகள்.

சொந்தக் கையால் வேலை செய்ய நினைப்பவருக்கு மூன்றில் இதுதான் அன்பான கார். லாம்ப்ரெடி டேப்பெட் வில்லையைப் பக்கெட்டின் மேலே வைத்தார். அதற்கென்று உள்ள ஒரு கருவியால் பக்கெட்டை அழுத்தி, வில்லையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். கேம்‌ஷாஃப்ட் அசையாது. ஆல்ஃபாவில் ஒரு நாள் எடுக்கும் வேலை இதில் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும். எஞ்சினைச் சுற்றிக் கை போகத் தாராளமாக இடமும் இருக்கிறது.

பதிலுக்கு இது கேட்பது, கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது. அறுந்தால் வால்வு வளையலாம். விற்பவர் ‘போன வருடம்தான் மாற்றினேன்’ என்று சொன்னாலும், பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர் பேரிங் இரண்டும் மலிவு.

துருவுக்கு இந்தக் காரில் ஒரு தனி இடம் இருக்கிறது. முன் சக்கரங்களுக்கு மேலே சஸ்பென்ஷனைத் தாங்கும் கோபுரங்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் அங்கேதான் தங்கும். பானெட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காரின் முன்னால் பத்தடி தள்ளி நின்றும் பாருங்கள். சக்கரங்களின் மேல் விளிம்பு உள்ளே சாய்ந்திருந்தால் கோபுரம் உள்வாங்கத் தொடங்கிவிட்டது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

தொழிற்சாலையிலிருந்து வலது ஸ்டீயரிங்கில் இது வரவே இல்லை. வலது பக்கம் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அந்த வேலையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நான் ஆறு வருடம் இடது ஸ்டீயரிங்கில்தான் இங்கே ஓட்டினேன். முந்திச் செல்லும்போதும், கார் பார்க்கில் டிக்கெட் எடுக்கும்போதும் மட்டும்தான் சிரமம்.

கூரைத் துணியை சிக்னலில் நிற்கும் நேரத்தில் ஒரு கையால் மூடிவிடலாம். பின்னால் சின்னதாக ஒரு இருக்கை உண்டு. பெரியவர்கள் உட்கார முடியாது, அதில் இருக்கை பெல்ட்டும் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அதை நம்பி வாங்க வேண்டாம்.

## ஃபியட் எக்ஸ் 1/9

மூன்றில் இதுதான் வேறு ஜாதி. எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. 1972இல் பெர்டோனே என்ற இன்னொரு வடிவமைப்பு நிறுவனம் வழியாக வந்தது, வரைந்தவர் மார்செல்லோ காந்தீனி. லம்போர்கினி மியூராவையும் கௌன்டாஷையும் வரைந்த அதே கை. முதலில் 1290 சிசி, நாலு கியர், 75 குதிரைத்திறன். 1978இலிருந்து 1498 சிசி, ஐந்து கியர், 85. எண்கள் சின்னவை. ஆனால் எடை ஒரு டன்னைக்கூடத் தொடாது, அதுவும் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. வளைவில் இந்தக் கார் திரும்புவதுபோல மற்ற இரண்டும் திரும்பாது. என் ஆல்ஃபாவை எவ்வளவு நேசித்தாலும் இதை ஒப்புக்கொள்வேன்.

கூரைத் தகட்டைக் கழற்றி முன் டிக்கியில் வைத்துவிடலாம், பின்னால் இன்னொரு டிக்கி உண்டு. இரண்டு பேர் ஒரு வாரம் ஊர் சுற்ற மூன்றில் இதுதான் வசதி. 1977இலிருந்து வலது ஸ்டீயரிங்கில் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. வாங்கும் விலையும் பொதுவாக இதற்குத்தான் குறைவு.

அந்தக் குறைந்த விலையில்தான் பலர் வழுக்குகிறார்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் தண்ணீரைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் காரின் அடியில் ஓடுகின்றன. அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. தண்ணீர் மாற்றும்போது ரேடியேட்டரின் மேலே உள்ள திருகைத் திறந்து காற்றை வெளியேற்றாவிட்டால் எஞ்சின் சூடேறி ஹெட் போய்விடும். இரண்டாவது, வேலை செய்ய இடமில்லை. டேப்பெட் இதிலும் சுலபம்தான், ஆனால் மற்ற எதற்கும் கை நுழைய வேண்டும். நண்பரின் காரில் ஸ்டார்ட்டரைத் தொடவே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது.

துரு பார்க்க வேண்டிய இடங்கள்: முன் டிக்கியின் மூலைகள், சில், பின் சஸ்பென்ஷன் கோபுரங்கள், ஸ்பேர் வீல் இருக்கும் குழி. எஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, மற்ற ஃபியட் கார்களோடு பகிர்ந்துகொண்டவை. பாடித் தகடுகளும் உள்ளே உள்ள பிளாஸ்டிக்கும் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே முழுமையாக இருக்கும் காரை வாங்குங்கள். ‘மீதியெல்லாம் பெட்டியில் இருக்கிறது’ என்றால், அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகு பேசுங்கள்.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| | ஆல்ஃபா ஸ்பைடர் | 124 ஸ்பைடர் | எக்ஸ் 1/9 |
|---|---|---|---|
| எஞ்சின் | முன்னால், 1.3 முதல் 2.0 லிட்டர் | முன்னால், 1.4 முதல் 2.0 லிட்டர் | நடுவில், 1.3 அல்லது 1.5 லிட்டர் |
| கேம்‌ஷாஃப்ட் | இரண்டு, செயின் | இரண்டு, பெல்ட் | ஒன்று, பெல்ட் |
| டேப்பெட் வேலை | நீளம் | எளிது | எளிது |
| முதலில் பார்க்க வேண்டிய துரு | மூன்றடுக்குச் சில் | முன் கோபுரம் | முன் டிக்கி மூலை, பின் கோபுரம் |
| வலது ஸ்டீயரிங் | 70களின் பிற்பகுதிவரை | இல்லை | 1977இலிருந்து |
| வாங்கும் விலை | அதிகம், டுவெட்டோ மிக அதிகம் | நடுவில் | குறைவு |
| பாடி, உள் பாகங்கள் | நன்றாகக் கிடைக்கும் | நன்றாகக் கிடைக்கும் | தேட வேண்டும் |

## ஃபெராரி ஆசை

மூவரில் ஒருவர் கேட்டார்: ‘இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பழைய ஃபெராரியே வருகிறதே?’ வாங்க முடியும், வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். 348, எஃப்355 இரண்டிலும் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அது வந்தே தீரும். 308இல் எஞ்சினை இறக்காமலே செய்யலாம் என்றாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபெராரி விலைதான். வார இறுதியில் நாமே சரிசெய்து ஓட்டுவது என்ற ஆசைக்கு அந்தக் கார்கள் பொருந்தாது.

## வாங்கிய பிறகு: வரிசையும் மறைந்திருக்கும் செலவும்

கார் வீட்டுக்கு வந்ததும் பெயின்டில் கை வைக்கத் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில். அடுத்து பெட்ரோல் ஹோஸ் முழுக்க. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறது, பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்டு, சூப்பர் பெட்ரோலே அடியுங்கள். எக்ஸ் 1/9இல் பெட்ரோல் டாங்க் இருக்கைக்குப் பின்னாலேயே இருப்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் பெல்ட், தண்ணீர் ஹோஸ், எர்த் வயர்கள். இத்தாலிய எலெக்ட்ரிக்கல் மோசம் என்று சொல்லப்படுவதில் பாதி, துருப்பிடித்த எர்த் இணைப்புதான். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முறுக்கினால் பல விளக்குகள் தாமாகவே எரியத் தொடங்கும்.

டயர் தேயாமல் வரிகள் ஆழமாக இருக்கின்றன என்று நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். எக்ஸ் 1/9இன் 13 அங்குல டயருக்கு இன்று தேர்வு குறைவு.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சாலை வரி இல்லை, அதிகம் புகை விடும் கார்களிடம் லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கடைசியாகச் சொன்னது சலுகை போலத் தெரியும், வாங்குபவருக்கு அதுவே ஆபத்து. பல வருடங்களாக அந்தக் காரின் அடிப்பக்கத்தை எந்தப் பரிசோதகரும் பார்த்திருக்க மாட்டார். பழைய எம்ஓடி பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு என்ற சொல் எந்த வருடத்தில், எந்த மூலையில் முதலில் வந்தது என்று படியுங்கள். விற்பவரிடம், என் செலவில் ஒரு எம்ஓடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சம்மதிக்காதவரின் காரை நான் வாங்க மாட்டேன். இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து என்று வரும்போது ஏதோ ஒரு பழைய கார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

## யாருக்கு எது

ஒரே ஒரு கார், நீண்ட காலம் வைத்திருப்பேன், பெரிய வேலைகளை ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பேன் என்பவருக்கு ஆல்ஃபா. அதிலும் 70களின் 2 லிட்டர். டுவெட்டோ இன்னும் அழகுதான், ஆனால் அந்தக் கூடுதல் விலை வாலுக்குப் போகிறது. அதே பணத்தில் துருவில்லாத வெட்டு வால் கார் கிடைக்கும்.

பழகிக்கொள்ள விரும்புபவர், கையில் கிரீஸ் ஆவதில் சந்தோஷம் காண்பவர், இடது ஸ்டீயரிங் பரவாயில்லை என்பவர்: 124. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்திலிருந்து வந்ததைத் தேடுங்கள். டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், இருக்கை கிழிந்திருக்கும், பம்பர் பெரிதாக இருக்கும். அதையெல்லாம் குளிர்கால மாலைகளில் சரிசெய்யலாம்.

ஏற்கெனவே பழைய காரில் வேலை செய்து பழகியவர், வளைவுச் சாலைகள் பக்கத்தில் இருப்பவர், பட்ஜெட் குறைவு ஆனால் பொறுமை அதிகம் உள்ளவர்: எக்ஸ் 1/9, 1978க்குப் பிந்தைய 1.5 லிட்டர். முதல் பழைய காராக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மழை படாத இடம் இல்லாதவருக்கு மூன்றுமே வேண்டாம். முதலில் ஒரு கராஜை வாடகைக்கு எடுங்கள், கார் அப்புறம்.

அந்த மூன்று நண்பர்களில் ஒருவர் 124 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை இருவரும் போகிறோம். காந்தம், டார்ச், ஜாக், தரையில் விரிக்க ஒரு பழைய போர்வை எல்லாம் இப்போதே காரில் ஏற்றிவிட்டேன்.